ரகசிய சங்கீதம்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: உயர்ந்த கலை எப்போதும் புரவலனின் நிழலில்தான் வளர்ந்திருக்கிறது; ஆகவே சிறுபத்திரிகையும் ஒரு புரவலரைத் தேடிக்கொள்வதில் வெட்கமில்லை. சாட்சிக்கு இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து அரசவைகளை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டார். கூடவே ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். கடைகளுக்குப் பிரதி அனுப்புவதை நிறுத்திவிடலாம். இதழ் நமக்குள் மட்டும் சுற்றினால் போதும். புரியாதவன் கையில் போய்ச் சேர்ந்து யாருக்கு என்ன லாபம்? நம்மில் பலர் இதற்குத் தலையாட்டியிருப்பதாக அறிகிறேன். அச்சகத்தில் பாக்கி நிற்கும்போது தலை தானாகவே ஆடும்.

அடுக்கிச் சொன்னால் எந்த அரசவையும் அழகாகத்தான் இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். நான் ஃபெர்ராராவை எடுத்துக்கொள்கிறேன். நண்பரின் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது என்பதே காரணம். அந்த ஊர்ப் புரவலன் காசை விட்டெறிந்துவிட்டு வேட்டைக்குப் போய்விட்டவன் அல்ல. உட்கார்ந்து கேட்டவன். நாள் தவறாமல் கேட்டவன்.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இவன் ஏற்கனவே அறிமுகமானவன்தான். பிரௌனிங் 1842இல் வெளியிட்ட ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையில் பேசுகிற பிரபு, ஃபெர்ராராவின் டியூக் இரண்டாம் அல்ஃபோன்ஸோ டெஸ்தே என்பது ஆய்வாளர்கள் முடிவு. கவிதையில் பெயர் கிடையாது; தலைப்புக்குக் கீழே ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும். செத்துப்போன மனைவியின் சித்திரத்தைத் திரை போட்டு மூடி வைத்திருக்கிறான். திரையை விலக்கும் உரிமை அவன் ஒருவனுக்குத்தான். வகுப்பில் இதை நாடகத் தனிமொழி என்ற உத்திக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்து, நோட்ஸ் கொடுத்து, பரீட்சைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சித்திரம் பிரௌனிங்கின் கற்பனை. மனைவியை அவன் கொன்றதும் வெறும் வதந்தி. முதல் மனைவி லுக்ரேஸியா தெ மெடிச்சி 1561இல் 16 வயதில் இறந்தது நோயினால்தான் என்பதே இன்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கொள்ளும் கருத்து. ஆனால் திரை விஷயத்தில் மட்டும் பிரௌனிங்கின் உள்ளுணர்வு பிசகவில்லை என்று எனக்குப் படுகிறது. நிஜமான அல்ஃபோன்ஸோ திரைக்குள் வைத்திருந்தது ஒரு சித்திரத்தை அல்ல, சங்கீதத்தை.

1579இல், தன் 45ஆவது வயதில், அவன் மூன்றாம் முறையாக மணம் செய்துகொண்டான். பெண் மாந்துவா டியூக்கின் மகள், 14 வயது மார்கெரிதா கோன்ஸாகா. அடுத்த ஆண்டு முதல் அவளுடைய அறைகளில் ஒரு புதிய சங்கீதம் ஆரம்பமாயிற்று. லாரா பெவெராரா மாந்துவாவின் வணிகர் ஒருவரின் மகள், ஹார்ப் வாசிப்பவர். அன்னா குவாரினி, கவிஞர் குவாரினியின் மகள், லூட் வாசிப்பவர். லிவியா தார்கோ மார்கெரிதாவுடன் மாந்துவாவிலிருந்து சிறுபெண்ணாக வந்து, பயிற்சி பெற்று, ஓரிரு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்துகொண்டவர், அவருக்கு வயோலா. மூவரும் பாடுவார்கள். ஹார்ப்ஸிகார்டில் லுஸாஸ்கோ லுஸாஸ்கி. பாட்டுகளை எழுதியதும் பெரும்பாலும் அவரே. இந்தப் பெண்களை அரண்மனை ஏற்றுக்கொண்டது டச்சஸின் தோழிகள் என்ற பதவியில். பாடகிகள் என்ற பெயரில் அல்ல. இதற்கு முன்னாலும் அங்கே உயர்குலப் பெண்கள் பொழுதுபோக்காகப் பாடியதுண்டு. இவர்களோ குரலுக்காகவே ஊர் ஊராகத் தேடி வரவழைக்கப்பட்டவர்கள். தோழி என்பது மரியாதைக்கு, வேலை பாட்டு.

இதற்கு ‘முஸிகா ஸெக்ரெட்டா’ என்று பெயர். ரகசிய சங்கீதம் என்று அப்படியே மொழிபெயர்த்தால் சதிவேலை போலத் தொனிக்கும். அந்தரங்க சங்கீதம் என்பதுதான் சரியான அர்த்தம். ஆனாலும் கேட்கக் கூப்பிடப்பட்டவர்கள் மிகச் சிலர். பாடப்பட்டவை டியூக்கின் காலத்தில் அச்சேறவே இல்லை.

இதன் புதுமை விளங்க, அதுவரை மாட்ரிகல் என்ற வடிவம் எப்படிப் புழங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். நாலைந்து குரல்களுக்கு எழுதப்பட்ட பாட்டு அது. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகமாக வெனிஸில் அச்சாகிக் கடைகளில் விற்றது. படித்த மனிதர்கள் நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடுவார்கள். பாடுபவர்களே கேட்பவர்கள். வெளியே ஒருவன் உட்கார்ந்து கேட்க வேண்டிய அவசியமே அந்த வடிவத்துக்கு இல்லை. ஃபெர்ராராவின் அறையில் இந்த வட்டம் உடைந்தது. பாடுபவர் ஒரு பக்கம், கேட்பவன் எதிர்ப்பக்கம். பாடத் தெரியாதவனும் முழு அதிகாரத்துடன் கேட்கலாம் என்றாயிற்று. பின்னால் வந்த ஐரோப்பியக் கச்சேரி முழுவதற்கும் வித்து இந்த நாற்காலி மாற்றத்தில் இருக்கிறது.

இசை எப்படி? லுஸாஸ்கியின் பாட்டுகளை ஒலிப்பதிவில் பலமுறை கேட்டிருக்கிறேன். முதலில் தோன்றுவது நம் சங்கதி, பிருகா என்ற வார்த்தைகள்தான். நீளமான ஒரு ஸ்வரம் நிற்க வேண்டிய இடத்தில் குரல் பொடிப்பொடியாக உடைந்து ஓடுகிறது. ஆனால் நம் பாடகர் பிருகா உதிர்க்கும்போது அது அந்தக் கணத்தில் அவர் ஒருவருடையது. இங்கே இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர், ஒரே கணத்தில் ஒரே ஓட்டத்தை வெவ்வேறு ஸ்தாயிப் படிகளில் இணையாக ஓடுகிறார்கள். அல்லது ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் நூலிழை பிசகாமல் எடுத்துக்கொள்கிறார். தனித்தனி மனோதர்மத்தால் இது நடக்காது. மாதக்கணக்கில் சேர்ந்து சாதகம் செய்தாக வேண்டும். கீழே ஹார்ப்ஸிகார்ட் பாட்டின் எல்லாக் குரல்களையும் அலங்காரமில்லாமல் முழுக்க வாசித்துக்கொண்டே போகிறது. மேலே அந்தரத்தில் கயிற்றின்மேல் நடக்கிறார்கள். கீழே சமதளமான தரை நகர்ந்துகொண்டே வருகிறது. சில ஆண்டுகள் கழித்து ஃப்ளாரன்ஸில் காச்சினி வெறும் அடிக்குரலை மட்டும் கீழே வைத்துக்கொண்டு பாடகனின் பேச்சுக்கு இடம் விட்டார். லுஸாஸ்கி அப்படி விடவில்லை. அவர் இசையில் சுதந்திரம் போலத் தெரிவதெல்லாம் கணக்கு. அந்தக் கணக்கு வெளியே தெரியாமல் இருப்பது பாடகிகளின் சாமர்த்தியம்.

வின்சென்ஸோ ஜுஸ்தினியானி என்ற பிரபு, வெகுகாலம் கழித்து, சுமார் 1628இல் எழுதிய சங்கீத உரையில் மாந்துவா, ஃபெர்ராராப் பெண்களின் பாணியை விவரிக்கிறார். குரலைப் பெருக்கியும் மெலித்தும், நீட்டியும் துண்டித்தும், பெருமூச்சு கலந்தும், வார்த்தையின் பொருளுக்கேற்ற முகபாவத்துடனும் பாடினார்கள் என்கிறார். இவ்வளவு நுணுக்கமும் ஒரு சிறிய அறைக்காக உருவானவை. தேவாலயத்தின் எதிரொலியில் இதெல்லாம் கரைந்துபோயிருக்கும்.

இதுவரைக்கும் நண்பரின் கட்சி சரி. சுமார் 17 ஆண்டுகள், அதே செவி, நாள்தோறும், எதிரில். நேற்றைய ஓட்டத்தை இன்று மறுபடி பாடினால் அவனுக்குத் தெரிந்துவிடும். பெருமூச்சு போலியானாலும் தெரிந்துவிடும். இப்படிக் கேட்கிறவன் ஒருவன் கிடைத்தால் எந்தக் கலைஞனும் உயரத்தான் செய்வான். வெனிஸ் கடைக்காக எழுதியிருந்தால் லுஸாஸ்கி இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உறுத்துவது அந்தப் புத்தகம். 1584இல் அலெஸாந்த்ரோ ஸ்த்ரிஜ்ஜோ என்ற இசையமைப்பாளர் ஃபெர்ராரா வந்து கேட்டுவிட்டு, ஃப்ளாரன்ஸில் இருந்த தன் எஜமானன் ஃபிரான்செஸ்கோ தெ மெடிச்சிக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தப் பெண்கள் மனப்பாடமாகப் பாடுவதையெல்லாம், அத்தனை அலங்கார ஓட்டங்களோடும் எழுதிவைத்திருப்பதை, டியூக் தயவுகூர்ந்து தனக்குக் காட்டிக்கொண்டே இருந்ததாகச் சொல்கிறார். காட்சியை நினைத்துப் பாருங்கள். அங்கே கையில் ஏடு இல்லாமல், அப்போதுதான் தொண்டையில் பிறந்ததுபோலப் பாடுகிறார்கள். இங்கே விருந்தாளியின் கண்ணெதிரில் அதே ஓட்டம், ஸ்வரம் ஸ்வரமாக, எழுத்தில்.

நான் வங்கியில் குமாஸ்தா. ஆடிட் வருகிறவர் லெட்ஜரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போவதை வருஷந்தோறும் பார்க்கிறேன். டியூக்கின் விரலையும் நான் அப்படித்தான் கற்பனை செய்துகொள்கிறேன். இசை நுணுக்கத்தை விருந்தாளிக்கு விளக்கும் ஆர்வம் அதில் இருந்திருக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்றும் இருந்தது. உனக்கு ஆச்சரியமாக இருப்பது எதுவும் எனக்கு ஆச்சரியமில்லை. இந்தத் தொண்டைகளிலிருந்து விழுவது எல்லாம் இந்த வீட்டுக் கணக்கில் ஏற்கனவே பதிவாகியிருக்கிறது என்ற அறிவிப்பு. ரசனையும் உடைமையும் ஒரே விரலில் இருந்தன. நண்பர் முதலாவதை மட்டும் பார்க்கிறார்.

ஸ்த்ரிஜ்ஜோ ஊர் திரும்பி அதே பாணியில் ஃப்ளாரன்ஸுக்கு எழுதினார். மெடிச்சிகள் தங்களுக்கென்று ஒரு பெண்கள் குழுவை ஏற்படுத்திக்கொண்டார்கள். பின்னர் மாந்துவாவும். இதைப் புரவலர்களால் கலை பரவியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. பரவியது இப்படியொரு அறை தனக்கும் வேண்டும் என்ற ஆசை. ஃபெர்ராராவின் பாட்டுகள் பெட்டிக்குள்ளேதான் இருந்தன.

உடைமை என்ற சொல்லை நான் கோபத்தில் உபயோகிக்கவில்லை. ஜூலியோ செஸாரே ப்ரான்காச்சோ நேப்பிள்ஸ் நகரத்துப் பிரபு, போர்வீரர், சீஸரின் போர்க் குறிப்புகளை வைத்து ராணுவக் கலை பற்றிப் புத்தகம் எழுதியவர். அற்புதமான கீழ்ஸ்தாயிக் குரல் வேறு அவருக்கு வாய்த்திருந்தது, துரதிர்ஷ்டம். டியூக் அவரைச் சேர்த்துக்கொண்டது குரலுக்காக. அவர் நினைத்துக்கொண்டிருந்தது வாளுக்காக என்று. 1583இல் விருந்தினர் முன் பாடச் சொன்னபோது மறுத்தார். வேலை போயிற்று. தார்க்வினியா மோல்ஸா கிரேக்கமும் லத்தீனும் கற்றவர், தத்துவ அறிஞர்கள் மதித்த பெண். 1583இல் அவைக்கு வந்து அந்த சங்கீதத்துக்கு ஆலோசகராக இருந்தவர். மாந்துவாவின் இசையமைப்பாளர் ஜாக்கஸ் தெ வெர்ட்டுடன் அவருக்கிருந்த உறவு 1589இல் வெளிப்பட்டதும் வெளியேற்றப்பட்டார். பாட்டு எழுதுகிறவன் அந்தஸ்தில் தாழ்ந்தவன். அவன் இசையைக் கேட்கலாம், அவனைக் காதலிக்கலாகாது.

எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்வது தாஸ்ஸோவின் விஷயம். டியூக்கின் கல்யாண விழா நடந்த 1579 மார்ச்சில், அவையில் கூச்சலிட்டதற்காகப் பிடித்துச் செல்லப்பட்டு, அதே ஊரில் சான்த் அன்னா ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டார். 1586 ஜூலை வரை அங்கேதான். அவர் மனம் பேதலித்திருந்தது உண்மை. டியூக் அவரை அடைத்து வைத்ததும் உண்மை. அறையின் சங்கீதம் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் இவை. லாராவின் குரலைப் புகழ்ந்து எழுதியவர்களில் தாஸ்ஸோவும் ஒருவர். லாராவுக்காக 1582இலும் 1583இலும் ஃபெர்ராராவில் இரண்டு மாட்ரிகல் தொகுப்புகள் அச்சாயின, ஒன்றின் பெயர் உலர்ந்த லாரல், மற்றது பச்சை லாரல். பாடகியைப் புகழும் பாட்டுகள் அச்சாகலாம், அவர் அறைக்குள் பாடியவை ஆகாது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். திரைக்குள் ஏதோ இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் திரைக்கு மதிப்பில்லை.

ஏன் இவ்வளவு தீவிரம்? அல்ஃபோன்ஸோவுக்கு மூன்று மனைவிகளிடமும் குழந்தை இல்லை. 1567இல் போப் ஐந்தாம் பியுஸ் பிறப்பித்த ஆணைப்படி, முறையான வாரிசு இல்லாவிட்டால் ஃபெர்ராரா திருச்சபைக்குப் போய்விடும். கண்ணெதிரே கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் நாட்டின் தலைவன், யாருக்கும் விட்டுச்செல்ல முடியாத ஒன்றைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனை வில்லனாக மட்டும் பார்க்க இங்கேதான் எனக்கு முடியாமல் போகிறது. இது என் வாசிப்புதான். ஆவணம் கேட்டால் என்னிடம் இல்லை.

1597 அக்டோபரில் அவன் இறந்தான். 1598 ஜனவரியில் போப்பின் உறவினரான கார்டினல் பியெத்ரோ ஆல்டோப்ராண்டினி ஃபெர்ராராவுக்குள் நுழைந்தார். எஸ்தே குடும்பம் மோதெனாவுக்குக் குடிபெயர்ந்தது. முந்தைய டியூக் முதலாம் அல்ஃபோன்ஸோவின் தனியறைக்காக டிஷியன் தீட்டிய படங்களைக் கார்டினல் ரோமுக்குக் கொண்டுபோய்விட்டார். அவற்றில் ஒன்று இப்போது லண்டனில், இரண்டு மாட்ரிடில். படங்களைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துச் செல்லலாம். குரல்கள் என்னாயின? அன்னா குவாரினியின் கணவனுக்கு அவர்மீது வெகுநாளாகவே சந்தேகம். டியூக் உயிரோடிருந்தவரை அவனால் தொட முடியவில்லை. 1598இல், அன்னாவின் உடன்பிறந்தவன் துணையோடு, அவரைக் கொன்றான். புரவலனின் நிழல் என்று நண்பர் எழுதியபோது இந்த அர்த்தத்தையும் நினைத்தாரா தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு உயிர்க்காவலாக இருந்தது ஒருவனுடைய விருப்பம் மட்டும்.

பாட்டுகள் 1601இல் ரோமில் அச்சாயின. ஓட்டங்கள் நிறைந்த இந்த இசையைச் சாதாரண அச்செழுத்துக்களால் கோக்க முடியாது. ஸிமோனே வெரோவியோ செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று ஸோப்ரானோக்களுக்கான 12 மாட்ரிகல்கள். காலஞ்சென்ற டியூக் அல்ஃபோன்ஸோவின் சங்கீதத்துக்காகச் செய்யப்பட்டவை என்று தலைப்புப் பக்கம் சொல்கிறது. சமர்ப்பணம் கார்டினல் ஆல்டோப்ராண்டினிக்கு. நாட்டை எடுத்துக்கொண்டவருக்கே பாட்டும். லுஸாஸ்கியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு கதவு அவருக்கு எங்கே இருந்தது? தலைப்புப் பக்கத்தில் பாடகிகளின் பெயர் இல்லை.

அதற்குள் காலம் நகர்ந்துவிட்டது. 1600இல் ஃப்ளாரன்ஸில் பேரியின் ‘யூரிடிசே’ மேடையேறிவிட்டது. 1602இல் காச்சினி தன் தொகுப்பைப் புதிய இசை என்று பெயரிட்டே வெளியிட்டார். ஃபெர்ராராவில் 20 ஆண்டுகளுக்கு முன்பே புதிதாக இருந்தது, கடைக்கு வந்த நாளில் பழையதாக வந்தது. 1580களில் வெளியே இருந்த ஓர் இளம் இசையமைப்பாளன் அதைப் பார்த்துச் சண்டை பிடித்திருக்கலாம், தப்பாகப் புரிந்துகொண்டு வேறொன்றைச் செய்திருக்கலாம். தப்பாகப் புரிந்துகொள்கிறவர்களை நண்பர் ஏன் இவ்வளவு அலட்சியமாகப் பேசுகிறார்?

திரை இல்லாமல் அந்த நுட்பம் சாத்தியமில்லை என்று அவர் பதில் சொல்லக்கூடும். அதே ஊரில், அதே ஆண்டுகளில், சான் வீத்தோ மடத்துக் கன்னியர் பாடியும் வாசித்தும் வந்தார்கள். ஊது கருவிகளைக்கூட அவர்களே வாசித்தார்கள். எர்கோலே போத்ரிகாரி 1594இல் அச்சிட்ட நூலில் அவர்களை விவரிக்கிறார்: மெருகேற்றிய நீண்ட கோல் ஒன்றைக் கையில் ஏந்திய ஒரு கன்னிகாஸ்திரீ தாளம் காட்ட, அவ்வளவு பேரும் ஒரே மூச்சாக இசைத்ததை. எதிரில் எந்த டியூக்கும் நாள்தோறும் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள். விழா நாட்களில் வந்தவர்களும் கேட்டார்கள். மடத்துக்கும் மதில் உண்டுதான், அதன் கொடுமை வேறு. நான் சொல்ல வந்தது கூர்ந்து கேட்பது வேறு, பூட்டி வைப்பது வேறு என்பது. ஃபெர்ராராவில் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால் ஒன்றாகத் தெரிகின்றன.

நம்மிடம் இவற்றில் எது இருக்கிறது? ஒருவர் எழுதிய கவிதையை மற்றவர் இரண்டாம் முறை படிக்கிறாரா? போன வருஷம் இந்த இதழில் வந்த எந்தக் கவிதையின் எந்த வரி தளர்ந்திருக்கிறது என்று யாராவது யாருக்காவது எழுதினோமா? கார்டில் ‘நன்றாக இருந்தது’ என்று ஒரு வரி, அல்லது அதுவும் இல்லை. டியூக்கின் காதும் நம்மிடம் இல்லை, கஜானாவும் இல்லை. மிஞ்சுவது திரைதான். அதைத்தான் இப்போது இன்னும் இறுக்கி இழுக்கச் சொல்கிறார் நண்பர். வரப்போகிற புரவலர் யாராக இருந்தாலும் அவர் அல்ஃபோன்ஸோ அளவுக்குக்கூடக் கேட்க மாட்டார். புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்வார்.

கடைகளுக்குப் போகும் பிரதிகளை நிறுத்த வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். விற்காமல் திரும்பி வருகிறவை வரட்டும். அச்சகப் பாக்கியில் என் பங்கைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.